கவர் போட்ட கொம்பியூட்டர்

2007ஆம் ஆண்டு நடந்தது இது. அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீடொன்றின் மேல் தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நானும் கணவரும் மட்டும்தான். அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் என்று வெளிநாடு போகிறவர்கள் கொண்டுவருவதையெல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கையால் எழுதுவார். நான் அதை டைப் செய்வேன். பிறகு அவர் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். யுத்தம் மும்முரமாக நடந்த காலம். ஊரில் பாதிப் பேர் எங்காவது போய்விட நின்றார்கள். எங்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

அந்த வருடம் வரைக்கும் எங்களிடம் டைப்ரைட்டர்தான் இருந்தது. எல்லாரும் கொம்பியூட்டருக்கு மாறிவிட்டார்கள், நாங்கள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து ஒன்று வாங்க வைத்தேன். வந்த சந்தோஷத்தில் டைப்ரைட்டரைத் தெரிந்த ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தும் விட்டேன். எந்த நேரத்தில் கொடுத்தேனோ தெரியாது.

கொம்பியூட்டர் வாங்கியது தெஹிவளையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில். அறுபது வயதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் அவர் 'நானா'தான். வீட்டுக்கே வந்து வயர்களைப் பூட்டி ஓட வைத்துத் தந்தார். போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, ஒண்ட மட்டும் மனசுல வெச்சிக்கோங்க. கவர் இல்லாம ஒருநாளும் பாவிக்க வாணாம். செல பேர் அதக் கழட்டிப் போட்டு வேல செய்றாங்க. ஒங்கட ஊடு கடலோரம். உப்புக் காத்து உள்ளுக்குப் போனா எல்லாம் துருதான்."

அவர் படி இறங்கி முடியவில்லை, நான் அளவெடுக்கிற இஞ்சி நாடாவை எடுத்துவிட்டேன். தையலில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு. மிச்சமாக இருந்த பச்சைத் திரைச்சீலைத் துணியில், உள்ளுக்கு லைனிங் வைத்து, அந்த நிமிர்ந்த இரும்புப் பெட்டிக்கு அளவாக ஒரு கவர் தைத்தேன். கீழே இலாஸ்டிக். முன்னால் பொத்தானை அழுத்த ஒரு காஜா. பின்னால் வயர்கள் வெளியே வர அளவெடுத்த ஒரு கீறல். ஓரத்தில் லேஸ் வேறு. ஒரு தூசி உள்ளே போகாது. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஏறி வந்து பார்த்து, "சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தானே. அரை மணித்தியாலத்தில் அடித்து முடித்து நிற்பாட்டிவிடுவேன். பிறகுதான் அந்தப் பிள்ளை வந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, யுத்தத்தால் தரைப்பாதை பூட்டியிருந்த நேரத்தில், மாதக்கணக்கில் காத்திருந்து கப்பல் ஏறி வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். வயது இருபத்தாறு. கலியாணமாகி ஒன்பதாம் நாள் புருஷன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டான். கப்பலில் இடம் கிடைக்காமல் தூதரகத்தின் முதல் நேர்முகத் திகதி தவறிப் போயிற்று. இப்போது இரண்டாவது திகதி கொடுத்திருந்தார்கள். இந்தக் கலியாணம் உண்மையானதுதான் என்று காட்ட, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்களாம். மொத்தம் பதினான்கு கடிதங்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருந்தது.

கடிதங்களை ஒரு சீலைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தவள், கையை எடுக்கவில்லை.

"அன்ரி, டைப் அடிக்கிற கொம்யூனிகேஷன் கடையள்ல குடுத்தா அங்க நிக்கிற எல்லாரும் வாசிப்பினம். அதுதான் உங்களிட்டக் கொண்டு வந்தனான். நீங்களும் அங்கிளும் மட்டும் பாத்தாப் போதும்."

"ஒருத்தரும் பாக்க மாட்டினம், பிள்ளை" என்று வாக்குக் கொடுத்தேன். இந்த முறையும் தவறினால் அடுத்த திகதி எப்போது என்று அவளுக்குத் தெரியாது. கொழும்பில் வந்து தங்குகிற தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; லொட்ஜ்காரரும் அந்தப் பதிவைக் காட்டி, இனி அதிக நாள் வைத்திருக்க ஏலாது என்று சொல்லிவிட்டாராம்.

கணவர் நான்கு நாளில் எழுதி முடித்தார். அதில் ஒரு சொல்லுக்கு மட்டும் அரை மணித்தியாலம் இருந்தார். அவளுடைய புருஷன், அந்தப் பெடியன், ஒரு கடிதத்தில், "ரெண்டு கோப்பை வாங்கி வைச்சிருக்கிறன். ஒண்டு இன்னும் பாவிக்கேல்லை" என்று எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டு. வேறு ஊர்களில் தேத்தண்ணீர் குடிக்கிற பாத்திரம். தூதரகத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை என்று நினைக்கக் கூடாதே என்று, அடியில் ஒரு குறிப்பும் எழுதினார். அவ்வளவு கவனமான மனிதர். நானும் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொல் என்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

நான் அடிக்கத் தொடங்கினேன். மூன்றாவது கடிதத்தின் நடுவில் திரை கறுத்தது. 'டிக்' என்றொரு சத்தம். பிறகு, ஒன்றுமே நடவாதது போல, அது முதலிலிருந்து தொடங்கிக்கொண்டு வந்தது. அடித்தது எதுவும் இல்லை. சரி, கரண்ட் போய் வந்திருக்கும் என்று மறுபடி அடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் மறுபடி 'டிக்'.

"சேவ் பண்ணினனீரோ?" என்று கணவர் உள்ளே இருந்து கேட்டார்.

"பக்கம் முடியட்டும் எண்டு பாத்தனான்!"

"டைப்ரைட்டர் ஒருநாளும் தானாச் செத்துத் தானாப் பிறந்ததில்லை" என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு வசனத்தை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணினால் எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை வரும்.

இரண்டு வரிக்கு ஒருதரம் சேவ் செய்தேன். அதற்கும் அது வழி வைத்திருந்தது. தானாக நின்று எழும்பினால், நீலத் திரையில் எதையோ சரிபார்க்கிறேன் என்று இருபது நிமிடம் இழுக்கும். இழுத்து முடித்து நான் கதிரையை நெருக்கிப் போட்டு உட்கார, மறுபடி 'டிக்'. எரிச்சலில் மேசையில் அடித்து என் கைதான் வீங்கியது. வெயில் காலம் வேறு. கடற்காற்று உப்பு என்று ஜன்னலையும் பூட்டி வைத்திருந்தேன்.

கீழ் வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஓடும்போது கரண்ட் குறைகிறது, அதனால்தான் நிற்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டுக்காரம்மாவிடம் இறங்கிப் போய், நான் வேலை செய்கிற நேரம் மோட்டர் போட வேண்டாம் என்றேன். சொன்ன விதம் சரியில்லை. "என்ர வீட்டில என்ர மோட்டரை நான் போட உம்மட்டக் கேக்கோணுமோ?" என்றார் அவர். நானும் விடவில்லை. கடைசியில் பாவம், அந்த மனுஷி ஒரு கிழமை விடிய எழும்பி வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தது. மோட்டர் ஓடாமலே கொம்பியூட்டர் நின்று நின்று எழும்பியது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். கவரைக் கழற்றி அழகாக மடித்து வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போவேன். லேஸ் வைத்த துணி ஓட்டோவில் அழுக்காகிவிடுமே.

போகிற வழியில் தெஹிவளைப் பாலத்தடியில் சோதனைச்சாவடி. பஸ்ஸிலும் வீதியிலும் பொதி என்றாலே எல்லாருக்கும் நடுக்கம் பிடித்திருந்த காலம். அதில் ஒரு தமிழ் மனுஷி மடியில் வயர் நிறைந்த இரும்புப் பெட்டியோடு வந்தால் என்ன செய்வார்கள்? இறக்கு, வை, தள்ளி நில். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய். வெயிலில் அரை மணித்தியாலம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கொம்பியூட்டர் எக்க கெடிலா" என்று, பழுதாகிவிட்டது, பழுதாகிவிட்டது என்று திருப்பித் திருப்பிச் சொல்வேன். திரும்பி வரும்போதும் இதே கூத்து.

கடையில் அது காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரை நிற்காமல் ஓடியது. பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் குழப்படி என்ற மாதிரி. நானா முதல் தடவை மெமரியை மாற்றினார். இரண்டாம் தடவை பவர் சப்ளையை மாற்றினார். மூன்றாம் தடவை, நான் அடித்து வைத்திருந்ததைத் திறந்து பாராமலே ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு மணித்தியாலத்தில் 'டிக்'.

மூன்றாம் தடவை நான் கடையில் வைத்தே சத்தம் போட்டேன். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கடைக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். நானா கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, ஒரு விஷயம். கவர் போட்டுத்தானே பாவிக்கிறீங்க?"

"ஓம் நானா. நீங்க சொன்ன நாள் துடங்கி, பாவிக்கேக்க ஒரு நிமிஷமும் கழட்டேல்லை!"

"அப்ப எனக்கும் வெளங்கல்ல" என்றார்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை பஸ் பிடித்து வந்தாள். நேர்முகம் திங்கட்கிழமை. பதினொரு கடிதம் அடித்து வைத்திருந்த ஃபைலைத் திறந்தால், திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒரு எழுத்தில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அன்ரி, ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்கோ. வேற ஆரிட்டயும் குடுக்கப் பாக்கிறன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "குடுக்க விருப்பமில்லை. எண்டாலும் குடுக்கிறன்" என்றாள்.

 "திங்கட்கிழமை விடிய உன்ர கையில இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்க அடித்தேன். இரண்டு கோப்பைக் கடிதத்தை மூன்று தடவை அடித்ததில், கணவரின் எழுத்தைப் பார்க்காமலே அடிக்கும் அளவுக்கு அது எனக்கு மனப்பாடம். அந்தப் பெடியனை நேரில் பார்த்திருந்தால், உன் மற்றக் கோப்பையை நான் உடைக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம் எனக்கு, ஒரு பாவமும் அறியாதவன் மீது.

சனிக்கிழமை காலை கடைசித் தடவையாகப் பெட்டியைத் தூக்கினேன். இந்த முறை அதை நானாவின் மேசையில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டு வருவதென்ற முடிவு. இறங்கும்போது மழை தூறியது. ஓட்டோவுக்குள் சாரல் அடிக்கும் என்று கவரைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோனேன். முதல் தடவையாக அந்தப் பச்சைச் சட்டை வீட்டுப் படி தாண்டியது.

பாலத்தடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் வந்தான். மேலே ஒரு மழைக்கோட், உள்ளே கனத்த ஜாக்கெட், முகமெல்லாம் வியர்வை. துணி மூடிய பெட்டியைக் கண்டதும் தோளில் தொங்கிய துவக்கைச் சரிசெய்துகொண்டான்.

"மே மொகத?" இது என்ன என்றான்.

"கொம்பியூட்டர் எக்க."

"ரெத்த கலவன்ன." துணியைக் கழற்று என்றான்.

மழையில் நனைந்துகொண்டு இலாஸ்டிக்கை இழுத்தேன். அவசரத்துக்கு அது வரவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பத்து வருடமாகச் சாவடிக்குச் சாவடி திற, கழற்று, காட்டு. இப்போது கொம்பியூட்டருக்கும் உடுப்புக் கழற்றுகிறேன் என்று நினைத்தேன். கழன்றதும் அவன் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் துணியைக் கையில் எடுத்து, லைனிங்கைத் தடவி, லேஸைப் பார்த்துச் சிரித்தான்.

"மேக்க எந்தகெனத வெட கரன்னே?" இதை உடுத்திக்கொண்டா வேலை செய்கிறது?

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"அனே! ரஸ்னே நெத்த?" பாவம், வெக்கையாக இல்லையா என்று கேட்டுவிட்டு, தன் கனத்த ஜாக்கெட்டின் கழுத்தை இழுத்துக் காற்று விட்டுக் காட்டினான். பக்கத்தில் நின்றவனும் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் நன்றியாவது மண்ணாவது. துணியைப் பறித்தது போல வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

பாலம் தாண்டியிருக்காது. கையில் இருந்த துணியைப் பார்த்தேன். திரைச்சீலைத் துணி, உள்ளுக்கு லைனிங். பின்னால் வயர் வர மட்டும் ஒரு கீறல். அந்த இரும்புப் பெட்டியின் பின்பக்கம் ஒரு காற்றாடி சுற்றும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காற்றாடிக்கு மேலே லேஸ் வைத்துத் தைத்தவளும் நான்தான். கடையில் கவர் இல்லை, ஓடியது. வீட்டில் கவர் போட்டேன், செத்தது. அந்த ஓட்டோவுக்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது.

நானாவின் மேசையில் பெட்டியை வைத்து, பக்கத்தில் துணியையும் வைத்தேன்.

"இது என்ன, தங்கச்சி?"

"கவர், நானா. நீங்கதானே போடச் சொன்னனீங்கள்."

அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ்" என்றார். பெட்டியின் பக்கத்துத் தகரத்தை விரலால் தட்டிக் காட்டினார். "நான் சொன்னது இந்தக் கவர! இந்தத் தகரத்த! அதக் கழட்ட வாணாம் எண்டேன். நீங்க அதுக்கு மேல போர்வ போர்த்தி வெச்சீக்கிறீங்க!"

திறந்து காட்டினார். காற்றாடியில் பச்சை நூல் பஞ்சாகச் சுற்றியிருந்தது; முன்பும் கண்டவராம், வீட்டுத் தூசி என்று துடைத்துவிட்டாராம். தூரிகையால் அதைச் சுத்தம் செய்துகொண்டே அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. மூன்றாம் தடவை அந்த இடத்தில் நின்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா" என்றேன். "சரி சரி, போய் அந்தப் புள்ளட வேலயப் பாருங்க" என்றார்.

திரும்பி வரும்போது அதே சிப்பாய் நின்றான். பெட்டியை அவன் திறக்கச் சொல்லவில்லை. "கமிசெ கோ?" சட்டை எங்கே என்றான். மடித்து மடியில் வைத்திருந்ததைக் காட்டினேன். கையசைத்துப் போகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். உப்பாவது உவராவது என்று கவர் இல்லாமல் போட்டேன். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. ஒவ்வொரு வரிக்கும் காது அந்த 'டிக்'குக்குக் காத்திருந்தது. வரவில்லை. ஞாயிறு மத்தியானம் பதினான்காவது கடிதமும் முடிந்தது. கணவர் ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார். நடந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். டைப்ரைட்டர் கதை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை.

"கோப்பைக்கு அரை மணித்தியாலம் இருந்தன்" என்றார். "கவர் எண்ட சொல்லை ஒருத்தரும் ஒரு நிமிஷம் யோசிக்கேல்லை. சொல்லை மாத்தித்தான் நாங்கள் சாப்பிடுறம்."

மாலையில் கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய் மோட்டரைப் போட்டார். அந்தச் சத்தத்தை நான் நின்று கேட்டேன்.

திங்கட்கிழமை விடிய வந்து கடிதங்களை வாங்கிக்கொண்டு போன அந்தப் பிள்ளைக்கு விசா கிடைத்தது. போய்ச் சேர்ந்து நாலைந்து மாதத்தில் ஒரு அட்டை அனுப்பினாள். "அன்ரி, மற்றக் கோப்பையில் நான் சாப்பிடுகிறேன். இரண்டையும் கழுவுகிறதும் நான்தான்" என்று எழுதியிருந்தாள். கணவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று என் கையில் தந்தார்.

பச்சைத் துணி இப்போது என் தையல் மெசினை மூடியிருக்கிறது. அந்தச் சிப்பாய்க்கு நான் நன்றி சொல்லவில்லை. அந்த இடத்தில், அந்தத் துவக்குக்கு முன்னால், எனக்கு அது வாயில் வந்திருக்காது. ஆனால் யாராவது ஒன்றைச் சொல்லி, அது எனக்கு உடனே விளங்கிவிட்டது போலத் தோன்றும்போதெல்லாம் அவன் கழுத்தை இழுத்துக் காற்று விட்ட விதம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. "எந்தக் கவர்?" என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்க எனக்கு நாற்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது, அதற்கும் என்னை மழையில் மறித்து ஒருவன் சிரிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.